நீல நூல்

வால்டிவியாவில் மழை பெய்கிறது என்பது
செய்தி ஆகாது.
பெய்யாத நாள்தான் செய்தி.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
இரவு பத்திலிருந்து ஐந்து வரை எனக்கு வேலை.
சோப்பு மணக்கும் ஆவி, சுழலும் எட்டு உருளைகள்,
மூன்றாம் மாடியிலிருந்து மட்டும்
இருநூற்று நாற்பது வெள்ளை விரிப்புகள்.
மடிக்கும் மேசை ஓரத்தில், பிளாஸ்டிக் உறைக்குள்,
புள்ளியியல் விசையியல்: ஐந்தாம் கணக்கு.

வியாழன் தேர்வு.

ஒரு பெட்டி. நடுவில் சுவர்.
இடப்பக்கம் ஆர்கான். வலப்பக்கமும் ஆர்கான்.
அதே வெப்பம், அதே அழுத்தம்.
சுவரை உருவி எடு.
என்ன மாறியது?

ஒன்றும் மாறவில்லை என்று
உருவிய கைக்குத் தெரியும்.
என் கணக்குக்குத் தெரியவில்லை.
மூன்று பக்கம் ஓடி வியர்த்து
என்ட்ரோபி கூடிவிட்டது என்று வந்து நிற்கிறது,
நடக்காத கல்யாணத்துக்குச்
சாப்பாட்டுச் செலவு காட்டுகிறவனைப் போல.

இஸ்திரி உருளையில் எலியாசர்.
என் வகுப்புத்தான். கடைசி வரிசை,
பகலில் தூங்குகிறவர்களின் வரிசை.
"இஸ்மேனியா, திரும்பி நில்."
நின்றேன். முதுகுக்குப் பின் துணி சரசரத்தது.
"இப்போது பார். இரண்டு விரிப்பை
இடம் மாற்றி வைத்தேனா, இல்லையா?"

வெள்ளை. அதன்மேல் வெள்ளை.
"தெரியவில்லை."

"விரிப்புக்காவது எங்கோ ஒரு கறை இருக்கும்,
பூதக்கண்ணாடி வைத்தால் அகப்படும்.
ஆர்கானுக்குக் கறை கிடையாது.
உனக்குத் தெரியவில்லை என்பதல்ல விஷயம்,
தெரிந்துகொள்ள அங்கே எதுவும் இல்லை."

அவன் போய்விட்டான், உருளை காத்திருந்தது.
நான் ஈரக்கையோடு நின்றேன்.
ஆக, இத்தனை நாளும்
அணுக்களுக்கு நானே ஞானஸ்நானம் செய்திருக்கிறேன்.
ஒன்று என்று, இரண்டு என்று, மூன்று என்று.
பிறகு ஒன்றும் மூன்றும் இடம் மாறிக்கொண்டதும்
உலகமே புதிதாகிவிட்டதாக எழுதியிருக்கிறேன்.

வகு.
எத்தனை அணுவோ, அத்தனையின் தொடர்பெருக்கத்தால் வகு.
வைத்த பெயர்களை எல்லாம் திரும்ப வாங்கு.

வகுத்தேன், சலவை ரசீதின் பின்புறத்தில்.
மிஞ்சியது,
பூஜ்யம் என்று தாராளமாகச் சொல்லத்தக்க ஒன்று.
வெளியே கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது.
எந்தத் துளி எது என்று
முதல்முறையாக நான் கவலைப்படவில்லை.

ஆனால் ஒன்று இருக்கிறது.

மார்ச்சிலிருந்து, செவ்வாய்தோறும்,
அந்த இருநூற்று நாற்பதில் ஒரு விரிப்பின் மூலையில்
நீல நூலில் சின்னஞ்சிறு சிலுவைத் தையல்.
நோயாளியா, செவிலியா, தெரியாது.
நேரம் போகாத ஒருவர்.
மேற்பார்வையாளர் கண்டால் பிரித்துவிடுவார்;
நான் அந்த மூலையை உள்ளே வைத்து மடிப்பேன்.
குவியலில் எங்கே இருந்தாலும்
விரல் அதைக் கண்டுபிடித்துவிடும்.
அது நிற்கக்கூடிய இடங்கள் இருநூற்று நாற்பது.
அத்தனையும் வேறு வேறு நிலைகள்.

தேர்வில் ஐந்தாம் கணக்கைச் சரியாகப் போட்டேன்.
ஓரத்தில் எழுதினேன்:
"ஒன்றுக்கு மட்டும் அடையாளம் இருந்தால்?"
தாள் திரும்பி வந்தது. சிவப்பில் ஒரே சொல்:
"கேட்கப்படவில்லை."

ஜூனில் ஒரு செவ்வாய்.
ஆற்றுப்பக்கம் கடற்சிங்கங்கள் உறுமிக்கொண்டிருந்தன,
விறகுப்புகை தாழ்வாரம் வரை இறங்கியிருந்தது.
வண்டி வந்தது. அவிழ்த்தேன். எண்ணினேன்.
இருநூற்று நாற்பது. கணக்கு சரி.
ஒன்றில் மட்டும் இன்னும் அட்டைப்பெட்டி வாசனை,
புது விரிப்பு.
துவைத்து எடுத்தால் அதுவும் போய்விடும்.

மறுபடி எண்ணினேன்.
எலியாசர் உருளையை நிறுத்திவிட்டுப் பார்த்தான்,
எதுவும் கேட்கவில்லை.

ரசீதைத் திருப்பி, பின்புறத்தில் போட்டுப் பார்த்தேன்:
இருநூற்று நாற்பதின் இயல்மடக்கை,
ஐந்தரைக்குச் சற்றுக் குறைவு.
அதை மாறிலியால் பெருக்கினால், இழந்தது
பூஜ்யம், ஒரு புள்ளி,
புள்ளிக்குப் பின் இருபத்திரண்டு பூஜ்யங்கள்,
அதற்கப்புறம்
ஓர் ஏழு.